எண்ணெயை அழுத்தினால் மட்டும் ஒரு பக்கம் இழுக்கும் காடி: அறிகுறி பார்த்துக் கோளாறு தேடும் முறை

மெதுவாக ஓட்டினால் காடி (கார்) நேராகப் போகிறது. எண்ணெயை (ஆக்சிலரேட்டரை) அழுத்தியதும் மூக்கை ஒரு பக்கம் திருப்பிக்கொள்கிறது. காலை எடுத்தால் பழையபடி நேர். பழைய சத்ரியா ஜிடிஐ, இன்டெக்ரா, சில்வியா என்று ஆசைப்பட்டு வாங்கி வரும் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் குறை இது. சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து டவுனில் இதைச் சொன்னால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "அலைன்மென்ட் பண்ணிடு தம்பி, சரியாப் போயிடும்."

பெரும்பாலும் சரியாகப் போகாது. அலைன்மென்ட் மெஷின் சக்கரங்களின் கோணத்தைக் காடியை நிறுத்தி வைத்து அளக்கிறது. அங்கே எஞ்சின் சக்கரத்தைத் திருகுவதில்லை, புஷ் (பாகங்களை இணைக்கும் ரப்பர் வளையம்) எதுவும் நசுங்குவதில்லை. எண்ணெய் அழுத்தும்போது மட்டும் வரும் கோளாறு என்றால், சுமை ஏறும்போது மட்டும் இடம் மாறும் ஒரு பாகத்தில்தான் அது ஒளிந்திருக்கும். நிற்கிற காடியில் எண்கள் எல்லாம் பச்சையாகத்தான் தெரியும். வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில், சக்கரம் பக்கவாட்டில் நழுவுவதை அளக்கும் சைடு ஸ்லிப் தட்டின் மேல் ஏற்றிப் பார்ப்பதும் அதே கதைதான். மெதுவாக, எஞ்சின் வேகமெடுக்காமல் உருட்டிப் பார்க்கும் சோதனை அது. அதில் தேறிய காடி இரண்டாவது கியரில் இழுக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அதனால் அலைன்மென்ட்டைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டியது

நான்கு டயரிலும் காற்றைக் காலையிலேயே, டயர் சூடாவதற்கு முன், கதவு ஓரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள். இடது வலது இரண்டும் சமமாக இருக்க வேண்டும். எண்ணெய் நிலையத்து மீட்டரை மட்டும் நம்பாமல் கையில் ஒரு சின்ன மீட்டர் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது சாலை. கோல கங்சார் போகும் பழைய சாலையில் செம்பனைக் குலை லோரிகள் ஓடி ஓடிச் சில இடங்களில் தார் இரண்டு வாய்க்கால் போலப் பள்ளம் விழுந்திருக்கும். அகல டயர் போட்ட காடி அந்தப் பள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தானாகவே இழுக்கும். அங்கே போய் எதையும் தீர்மானிக்காதீர்கள். தார் சமமாக இருக்கும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான இடமாகப் பாருங்கள். இன்னொன்று, மழைத் தண்ணீர் வடிய நம் சாலைகளில் நடு மேடாகவும் ஓரம் சரிவாகவும் போட்டிருப்பார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுவதால் எந்தக் காடியும் கொஞ்சம் இடது பக்கம் சாயத்தான் செய்யும். அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

இரண்டாவது கியரில் நாற்பதில் ஓட்டி, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தபடி (கையை விட்டுவிடாமல்) நன்றாக அழுத்துங்கள். எண்பது வருவதற்குள் காலை எடுத்துவிடலாம். இதற்கு மேல் வேகம் தேவையில்லை. அந்த நேரத்தில் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். ஸ்டீயரிங் உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறதா, அல்லது ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே காடி நகர்கிறதா? காலை எடுத்தவுடன் நேராகிறதா, எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டுகிறதா? ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமா, இல்லை ஒரு முறை இடது, ஒரு முறை வலதா?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பதில் இல்லாமல் போமனிடம் (மெக்கானிக்கிடம்) போனால் அவரும் குத்துமதிப்பாக ஒரு சாமானை மாற்றுவார், நாமும் காசு கொடுப்போம்.

"எண்ணெய் அழுத்தினாலும் இல்லாவிட்டாலும் இழுக்குது"

இது வேறு நோய். டயர் அல்லது பிரேக். முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் டயர்தான் காரணம். ஓட்டத் திசை அம்புக்குறி உள்ள டயர் என்றால் இடது வலது மாற்ற முடியாது, அதே பக்கத்தில் முன்பின்னாக மாற்றிப் பாருங்கள். டயர் மாறியும் இழுப்பு மாறவில்லை என்றால், கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டிவிட்டு இறங்கி, ஒவ்வொரு ரிம்முக்கும் அருகே கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தக் காலிப்பர் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஸ்லைடு பின் துருப்பிடித்திருக்கும், அல்லது பழைய பிரேக் ஹோஸ் உள்ளே வீங்கி பிரேக் எண்ணெயைத் திரும்ப விடாமல் அடைத்திருக்கும். இவை இரண்டும் இல்லையென்றால்தான் கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு), கேஸ்டர் (ஸ்டீயரிங் சுழலும் அச்சு முன்பின் சாய்ந்திருக்கும் அளவு) பார்க்க அலைன்மென்ட் கடை. கேஸ்டர் குறைவாக இருக்கும் பக்கமும் கேம்பர் பாசிட்டிவாக (மேல்பகுதி வெளியே சாய்ந்து) இருக்கும் பக்கமும் காடியை இழுக்கும்.

"அழுத்தினால் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்குது, விட்டால் நேராகிடுது"

முன் சக்கரம் இழுக்கும் காடிகளில் வரும் பெரிய குறை இது. சத்ரியா ஜிடிஐ, புத்ரா, இன்டெக்ரா, சிவிக் எல்லாம் இந்த வகை. டார்க் ஸ்டீயர் என்பார்கள். இதில் கொஞ்சம் இயற்கையானது, புதுக் காடியிலும் உண்டு. எது இயற்கை, எது நோய் என்று பிரிப்பதில்தான் சூட்சுமம்.

எஞ்சின் குறுக்காக உட்கார்ந்திருக்கும் காடியில் கியர்பாக்ஸ் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். அதனால் ஒரு பக்க டிரைவ் ஷாஃப்ட் குட்டையாகவும் மறுபக்கம் நீளமாகவும் வரும். குட்டை ஷாஃப்ட் அதிகச் சாய்வில் நிற்கும். சாய்வான ஷாஃப்ட் வழியாகத் திருகுவிசை போகும்போது சக்கரத்தைச் சுழற்றுவதோடு லேசாகத் திருப்பவும் பார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே சாய்வு என்றால் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சாய்வு வேறுபட்டால் மிச்சம் இருப்பது உங்கள் கைக்கு வரும். அப்படி இழுத்தால் பெரும்பாலும் நீள ஷாஃப்ட் இருக்கும் பக்கமே இழுக்கும். இதைத் தவிர்க்கத்தான் ஹோண்டா போன்றவர்கள் நடுவில் ஒரு துண்டு ஷாஃப்ட் வைத்து, இரண்டு பக்கமும் சம நீளமாக்கினார்கள். 2017-இல் வந்த எஃப்கே8 சிவிக் டைப் ஆரில் முன் சஸ்பென்ஷனையே இரண்டு அச்சாகப் பிரித்து வைத்ததும் இந்த இழுப்பைக் குறைக்கத்தான்.

அப்படியென்றால் எப்போது சந்தேகப்பட வேண்டும்? சாதாரண 1.8 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சின், காய்ந்த நேரான சாலை, அப்படியிருந்தும் ஸ்டீயரிங் கையை விட்டுப் பிடுங்குகிறது என்றால் அது இயற்கை அல்ல. முன்பு இல்லாமல் இப்போது வந்திருந்தாலும் அல்ல. தேட வேண்டிய இடங்கள் இவை.

லோவர் ஆர்ம் புஷ்ஷில் தொடங்குங்கள். சக்கரத்தைக் கீழே பாடியோடு இணைக்கும் லோவர் ஆர்மின் பின்பக்கத்தில் ஒரு பெரிய ரப்பர் புஷ் இருக்கும். எண்ணெய் அழுத்தும்போது சக்கரம் காடியை முன்னே இழுக்கிறது. அந்த இழுவையில் பெரும்பகுதி இந்த ரப்பர் வழியாகத்தான் பாடிக்குப் போகிறது. ரப்பர் கிழிந்திருந்தால் சக்கரம் முன்னால் நகரும். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்கு வரும் டை ராட் நகராமல் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே சக்கரம் திரும்பும். இரண்டு பக்கமும் சமமாகக் கிழிந்திருந்தால்கூடக் காடி நேராகப் போகலாம். ஒரு பக்கம் மட்டும் போனால் இழுக்கும். எந்தப் பக்கம் இழுக்கும் என்பது ஸ்டீயரிங் ரேக் அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்தது. அதனால் இடது பக்கம் இழுக்கிறது, ஆகவே இடது புஷ் போச்சு என்று முடிவு கட்டாதீர்கள்.

பார்க்கும் விதம்: காடியைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் நன்றாக இழுத்திருக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டு எஞ்சின் இழுக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு ரிவர்ஸில் அதேபோல. நீங்கள் பக்கவாட்டில், எட்டி நின்று, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். காடிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கவே கூடாது. நல்ல புஷ் என்றால் சக்கரம் அசைவது கண்ணுக்கே எட்டாது. கிழிந்ததென்றால் முதல் கியரில் டயர் முன்பக்கம் ஒரு விரல் அளவு நகரும், ரிவர்ஸில் பின்னுக்குப் போகும். இரண்டு பக்கத்தையும் பார்த்து ஒப்பிட்டால் விஷயம் விளங்கிவிடும். ஆட்டோ கியர் காடியில் பிரேக்கை மிதித்துக்கொண்டு டி, ஆர் மாற்றிப் பார்த்தால் இதன் சாயல் தெரியும், ஆனால் பிரேக் சக்கரத்தைப் பிடித்திருப்பதால் அவ்வளவு தெளிவாகத் தெரியாது.

கீழே படுத்துப் பார்ப்பதென்றால் ஜாக்கை மட்டும் நம்பிக் காடிக்கு அடியில் போகாதீர்கள். ஆக்சில் ஸ்டாண்டு வேண்டும். தோட்டத்து வீட்டு வாசல் செம்மண் என்றால் ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்லப் புதையும், அடியில் தடிமனான பலகை போடாமல் ஏற்றாதீர்கள். நெம்புகோலை ஆர்முக்கும் அது மாட்டியிருக்கும் சட்டமான சப்ஃபிரேமுக்கும் நடுவில் கொடுத்து நெம்பினால் கிழிந்த ரப்பர் வாய் திறந்து காட்டும். சும்மா பார்த்தால் முழுசாகத் தெரியும் புஷ்ஷும் நெம்பும்போதுதான் உள் இரும்புக் குழாயிலிருந்து விட்டுப்போனது தெரியவரும்.

ஒரு பையன் சத்ரியா ஜிடிஐ கொண்டு வந்திருந்தான். கதவில் மஞ்சள் பச்சை ஸ்டிக்கர் ஒட்டாத, பம்பர் மாற்றாத, பார்க்கவே ஆசையாக இருக்கும் காடி. "அண்ணே, கடைக்குக் கடை அலைன்மென்ட் பண்ணிட்டேன், ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு நம்பர் சொல்றாங்க" என்றான். எண்கள் மாறியதில்தான் விடையே இருந்தது. காடியை மெஷினில் முன்னே தள்ளி ஏற்றினால் புஷ் ஒரு இடத்தில் நிற்கும், பின்னே இழுத்து நிறுத்தினால் இன்னோர் இடத்தில். டோ அளவு (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கடைக்குக் கடை மாறாமல் என்ன செய்யும்? வலது பின் புஷ்ஷில் ரப்பர் பாதி சுற்றுக்கு மேல் பிரிந்திருந்தது. "நீ கட்டின அலைன்மென்ட் காசுக்கு ரெண்டு ஆர்மும் வாங்கியிருக்கலாம் தம்பி" என்று சொன்னபோது முகம் சுருங்கிப் போனது.

புஷ் மாற்றும்போது ஒரு விஷயத்தில் போமனோடு சண்டை போட்டாலும் தவறில்லை. ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் காடி ஹாய்ஸ்டில் தொங்கும்போது இறுகக் கட்டக் கூடாது. சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கினால், காடியை இறக்கியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும், சில மாதங்களில் கிழியும். போல்ட்டைத் தளர்வாகப் போட்டு, காடியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தின் மேல் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. அவசரக் கடைகள் இதைச் செய்வதில்லை. "காப்பி சாமான் சீக்கிரம் போயிடுது" என்று எல்லாரும் திட்டுகிறோமே, அதில் பல காப்பி சாமான்கள் பாவம், கட்டிய விதத்தால் செத்தவை.

அடுத்தது எஞ்சின் மவுண்டிங். பானெட்டைத் திறந்து வைத்து மேலே சொன்ன அதே கிளட்ச் சோதனையைச் செய்யுங்கள். எஞ்சின் கொஞ்சம் அசையும், அது சரி. துள்ளி எழுந்து தொப்பென்று விழுந்தால் மவுண்டிங் போச்சு. எஞ்சின் சாயும்போது டிரைவ் ஷாஃப்ட்களின் சாய்வும் மாறுகிறது, அதனால் இழுப்பு கூடுகிறது. கியர் மாற்றும்போது "டக்" என்று சத்தம் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு ரிம். பழைய ஸ்போர்ட்ஸ் காடி என்றால் முந்தைய உரிமையாளர் ரிம் மாற்றியிருப்பார், இது எழுதப்படாத சட்டம். ரிம்மின் உள்பக்கத்தில் ஈடி (ET) என்று ஓர் எண் பொறித்திருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது மாட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது அது. ஒரே அகலமுள்ள ரிம்மில் ஈடி 45 இருந்த இடத்தில் ஈடி 30 போட்டால் சக்கரம் 15 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். ஸ்டீயரிங் சுழலும் அச்சிலிருந்து சக்கரத்தின் நடுவுக்கு உள்ள தூரமும் அதே அளவு கூடும். நெம்புகோலின் கை நீண்டுவிட்டதால், இரண்டு சக்கரத்தின் இழுவையில் உள்ள சின்ன வேறுபாடுகூடக் கைக்குப் பெரிதாக வருகிறது. ஸ்பேசர் போட்டாலும் இதே கதை. பார்க்க மிடுக்காக இருக்கும், மறுக்கவில்லை. ஒரு நாளைக்கு நண்பனின் ஒரிஜினல் ரிம் செட்டை வாங்கிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். இழுப்பு பாதியாகக் குறைந்தால் சஸ்பென்ஷனைக் கழற்றும் செலவு மிச்சம்.

காடியைத் தாழ்த்தியிருந்தாலும் ஷாஃப்ட் சாய்வு மாறும். அட்ஜஸ்டபிள் அப்சோர்பர் என்றால் இடது வலது உயரம் ஒன்றா என்று சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து பாருங்கள். பல காடிகளில் ஒன்றாக இருப்பதில்லை.

டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட் தேய்ந்தால் இழுக்குமா என்று கேட்பார்கள். வெளி ஜாயிண்ட் போனால் வளைவில் "டக் டக் டக்" என்று கேட்கும். உள் ஜாயிண்ட் போனால் அழுத்தும்போது காடி பக்கவாட்டில் நடுங்கும், காலை எடுத்தால் நின்றுவிடும். நடுக்கம் வேறு, இழுப்பு வேறு.

"ஸ்டீயரிங் நேராத்தான் இருக்கு, காடிதான் நகருது. காலை எடுத்தா எதிர்ப்பக்கம் வெட்டுது"

இது பின்பக்கத்து நோய். சில்வியா, பிஎம்டபிள்யூ, ஆர்எக்ஸ்-8, எம்எக்ஸ்-5, டொயோட்டா 86 போன்ற பின் சக்கரம் தள்ளும் காடிகளில் வருவது. முன்பக்கத்தில் எத்தனை சாமான் மாற்றினாலும் தீராது.

பின் சக்கரம் காடியை முன்னே தள்ளுகிறது. ஒரு பக்கத்து ஆர்ம் புஷ் தளர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் முன்னே நகர்ந்து, கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். பின் சக்கரம் இடது பக்கம் பார்த்தால் காடியின் பின்புறம் இடது பக்கம் போகும், மூக்கு வலது பக்கம் திரும்பும். காலை எடுத்ததும் எஞ்சின் பிரேக் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கிறது, சக்கரம் எதிராகத் திரும்புகிறது, காடி மறுபக்கம் வெட்டுகிறது. இந்த "அழுத்தினால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம்" என்ற ஜோடிதான் அடையாளம். ஓட்டுபவருக்கு இடுப்பில் தெரியும், கையில் தெரியாது.

பிஎம்டபிள்யூ இ36, இ46 என்றால் பின் டிரெயிலிங் ஆர்ம் புஷ்ஷை முதலில் பாருங்கள், அது தேய்வதற்குப் பெயர் போனது. இ46-இல் பின் சப்ஃபிரேம் பிடித்திருக்கும் தரைத் தகடே விரிசல் விடுவதுண்டு. பூட் கம்பளத்தைத் தூக்கியும் பார்க்கலாம், ஆனால் நிச்சயம் தெரிய வேண்டுமென்றால் ஹாய்ஸ்டில் ஏற்றி, சப்ஃபிரேம் மவுண்டைச் சுற்றி விளக்கடித்துப் பார்க்க வேண்டும். விரிசல் என்றால் இது புஷ் வேலை அல்ல, வெல்டிங் வேலை.

சில்வியா, ஸ்கைலைன் மாதிரி நிசான் காடிகளில் சிலவற்றுக்கு ஹைக்காஸ் என்ற பின் சக்கரத் திருப்பி உண்டு. வயதானால் அதன் பந்து மூட்டுகள் ஆட்டம் கொடுக்கும், அழுத்தும்போது பின்பக்கம் சொந்தமாக முடிவெடுக்கும். பலர் அதைப் பூட்டுக் கம்பி போட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் ஆதரிக்கும் மாற்றங்களில் அதுவும் ஒன்று. பூட்டியிருக்கிறார்களா, பூட்டிய பிறகு பின் டோ வைத்தார்களா என்று இரண்டையும் பாருங்கள்.

சப்ஃபிரேம் புஷ் நான்கும் செத்திருந்தால் முழுப் பின்பக்கமும் சேர்ந்தே திரும்பும். இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலின் புஷ் மட்டும் போனால் பெரும்பாலும் சத்தம்தான், இழுப்பு குறைவு.

எல்லாப் புஷ்ஷும் சரி, ஆனாலும் நகர்கிறது என்றால் டயரும் எல்எஸ்டியும் (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல்). சாதாரண ஓப்பன் டிஃபரென்ஷியல் சக்கரங்களை வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும். எல்எஸ்டியோ, எண்ணெய் அழுத்தும்போது இரண்டையும் பூட்டப் பார்க்கும். பூட்டிய நேரத்தில் இரண்டு டயரின் சுற்றளவும் வேறு என்றால், பெரிய டயர் அதிக தூரம் ஓடப் பார்க்கும், காடி சின்ன டயர் பக்கம் திரும்பும். ஒரே சைஸ்தானே என்று சொல்லாதீர்கள். புது டயரில் 8 மில்லிமீட்டர் அளவுக்குத் தடம் இருக்கும், தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் தேய்ந்தது என்றால் சுற்றளவில் 40 மில்லிமீட்டர் வேறுபாடு. கம்பெனி வேறாக இருந்தால், எழுதியிருக்கும் சைஸ் ஒன்றாக இருந்தும் அளவு மாறும். தையல் டேப்பை டயரின் நடுவில் சுற்றி அளந்தால் இரண்டு நிமிட வேலை. தயாரிப்புத் தேதியையும் பார்த்துவிடுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

எல்எஸ்டி இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டால் "இருக்கு" என்பார். பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, முன் சக்கரத்துக்கு அணை கொடுத்து, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன், அதே திசையில் என்றால் பிளேட் வகை அல்லது விஸ்கஸ் எல்எஸ்டி. எம்எக்ஸ்-5 சிலவற்றில் உள்ள டோர்சன் வகை கையால் சுற்றும்போது ஓப்பன் போலவே எதிர்த்திசையில் போகலாம். அதை இப்படிப் பிடிக்க முடியாது.

"ஒரு தடவை இடது, ஒரு தடவை வலது"

பக்கம் மாறி மாறி இழுத்தால், முதலில் சாலையை மாற்றி ஓட்டுங்கள். லோரிப் பள்ளம் இல்லாத இடத்தில் குறை காணாமல் போனால் அகல டயரும் சாலையும் சேர்ந்து செய்கிற வேலை. எல்எஸ்டி உள்ள முன் இழுவைக் காடியில் இது இன்னும் கூடும், ஏனென்றால் பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு விசை தாவித் தாவிப் போகிறது. அதோடு வாழப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

நல்ல சாலையிலும் மாறி மாறி இழுத்தால் ஆட்டம் கொடுக்கும் பாகம் இருக்கிறது: டை ராட் எண்ட், ரேக் எண்ட், ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர், சப்ஃபிரேம் போல்ட். சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில் இரு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். பன்னிரண்டும் ஆறும் உள்ள இடத்தில் ஆடினால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். சமீபத்தில் கிளட்ச் மாற்றினார்களா என்று கேளுங்கள். பல முன் இழுவைக் காடிகளில் கிளட்ச் வேலைக்குச் சப்ஃபிரேமை இறக்குவார்கள். திரும்ப ஏற்றும்போது நடு பார்க்காமல் போட்டிருந்தால், அல்லது ஒரு போல்ட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், குறை அன்றைக்கே தொடங்கியிருக்கும். "கிளட்ச் மாத்துனதிலேர்ந்துதான் இப்படி" என்று ஒருவர் சொன்னால் வேறெங்கும் தேட வேண்டாம்.

"மழையில மட்டும்" அல்லது "தோட்டத்து முச்சந்தியில மட்டும்"

லோரி கொண்டுவந்து போட்ட செம்மண் சேறு ஒரு பக்கச் சக்கரத்துக்கு அடியில் இருந்தால் அந்தச் சக்கரம் வழுக்கும், காடி ஆடும். கோளாறு இல்லை. டேஷ்போர்டில் வழுக்கல் விளக்கு மின்னினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் ஒரு சக்கரத்தைப் பிரேக் பிடிக்கிறது, இழுப்பு அதிலிருந்து வருகிறது. காய்ந்த நேரான சாலையிலும் அந்த விளக்கு மின்னினால் மட்டும் ஸ்டீயரிங் கோண சென்சார் தவறான இடத்தைப் பூஜ்யம் என்று நம்பிக்கொண்டிருக்கலாம். ஸ்கேனர் உள்ள கடையில் பூஜ்யப்படுத்தச் சொல்லுங்கள்.

நான்கு சக்கர இழுவைக் காடி, அதாவது எவோ, டபிள்யூஆர்எக்ஸ் என்றால் நான்கு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானம். இதில் பேரமே இல்லை.

சாமான் மாற்றிய பிறகு அலைன்மென்ட்

இப்போது கடைக்குப் போகலாம். சரிசெய்வதற்கு முன் எடுத்த எண்களையும் பிரிண்ட் கேளுங்கள். நான்கு சக்கர அலைன்மென்ட்டாக இருக்கட்டும், பின் சக்கரங்கள் எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்று காட்டும் திரஸ்ட் கோணம் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வேண்டும். முன் டோவை மட்டும் வைத்துவிட்டு "முடிஞ்சது பாஸ்" என்றால் முடியவில்லை. பிறகு முதலில் ஓட்டிப் பார்த்த அதே சாலையில், அதே கியரில் ஓட்டிப் பாருங்கள்.

இன்னும் வாங்காத காடி என்றால்

ஸ்டீயரிங்கை நேராக வைத்து, முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடு வரை டேப் பிடித்து அளக்கவும், இரண்டு பக்கமும். சில மில்லிமீட்டர் வேறுபாடு இருக்கலாம், நம் கை பிசகும் அதில் அடக்கம். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போனால் ஏதோ வளைந்திருக்கிறது. ஆர்ம் வளைந்திருந்தால் மாற்றலாம். பாடியே வளைந்திருந்தால், அல்லது இரண்டு காடியை வெட்டி ஒட்டியதாக இருந்தால், எந்தப் புஷ்ஷும் காப்பாற்றாது. கதவு ரப்பரை உரித்து உள்ளே உள்ள ஸ்பாட் வெல்டிங் புள்ளிகளைப் பாருங்கள். தொழிற்சாலைப் புள்ளிகள் சீரான இடைவெளியில், ஒரே அளவில் வட்டமாக இருக்கும். திட்டுத் திட்டான வெல்டிங், அதன் மேல் கனமான பெயிண்ட், மட்கார்டு போல்ட்டில் ஸ்பேனர் பட்ட காயம் என்று வரிசையாகக் கிடைத்தால், விற்பவர் எவ்வளவு இறக்கினாலும் பேரம் பேச வேண்டாம். சாவியைக் கொடுத்துவிட்டு ஈப்போவில் இன்னொரு காடியைப் போய்ப் பாருங்கள்.